எக்ஸாம் முடிஞ்சு மே பால் போறீங்களா? கேம்பிரிட்ஜ் ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஏப்ரல் கடைசி ஆனா போதும், நம்ம பசங்க பொண்ணுங்ககிட்ட இருந்து மெசேஜ் வர ஆரம்பிச்சிடும், "அக்கா என்ன போடுறது", "அக்கா எங்க வாங்குறது", "அக்கா எவ்ளோ நேரம் நடக்கும்"னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன். படிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ராத்திரி 9 மணி போட்டோவுக்காக ரெடி ஆகாதீங்க, விடியக்காலை 3 மணிக்காக ரெடி ஆகுங்க. போட்டோ ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், அதுக்கப்புறம் எட்டு ஒன்பது மணி நேரம் அதே டிரெஸ், அதே செருப்பு, அதே குளிர்லதான் நிக்கணும்.

மே பால்னா என்ன? ஜூன்ல நடக்குறதுக்கு ஏன் மே-ன்னு பேரு?

காலேஜுக்குள்ளயே ராத்திரி முழுக்க நடக்குற பெரிய ஃபார்மல் பார்ட்டி. மைதானம், கோர்ட்னு சொல்ற முற்றம், ஆத்தங்கரைன்னு காலேஜ் மொத்தமும் மேடை, ராட்டினம், சாப்பாட்டு ஸ்டால்னு மாறிடும். போட் கிளப் பசங்க படகுப் போட்டி முடிஞ்சத கொண்டாட ஆரம்பிச்சதுதான் இது. டிரினிட்டி காலேஜ் மே பால் 1866-ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் அதோட முழுப் பேர்ல ஃபர்ஸ்ட் அண்ட் தேர்ட் டிரினிட்டி போட் கிளப்னுதான் வரும். அப்போ எல்லாமே மே மாசத்துல, எக்ஸாமுக்கு முன்னாடி. அப்புறம் எக்ஸாம் முடிஞ்ச பிறகு ஜூனுக்கு தள்ளிட்டாங்க, பேர மட்டும் யாரும் மாத்தல. அந்த ஒரு வாரத்துக்கே மே வீக்னுதான் பேரு, நீங்க காலண்டர்ல ஜூன் நடுவுல தேடுங்க.

டிக்கெட் எவ்ளோ? எப்போ வாங்கணும்?

இத ஜூன்ல கேக்குறவங்களுக்கு: லேட். பெரும்பாலும் ஜனவரி-மார்ச் டேர்ம்லயே டிக்கெட் போயிடும். மொதல்ல அந்தக் காலேஜ் ஸ்டூடன்ட்ஸுக்கு, அப்புறம் அவங்க கூட்டிட்டு வர்ற கெஸ்ட்டுக்கு, மீதி இருந்தா மத்தவங்களுக்கு. விலை காலேஜுக்கு காலேஜ் மாறும், 150 பவுண்டுல ஆரம்பிச்சு 250-ஐயும் தாண்டிப் போகும். உடனே ரூபாயில கணக்குப் போட்டுப் பாத்து மயங்கி விழாதீங்க, உள்ள போனதுக்கு அப்புறம் சாப்பாடு, குடிக்கிறது, ராட்டினம், கச்சேரி எல்லாமே அதுல சேர்ந்ததுதான், பர்ஸ எடுக்கவே வேணாம்.

கட்டுப்படியாகலன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஜூன் ஈவன்ட்னு சில காலேஜ் நடத்துறது. சின்னது, விலை நல்லாவே கம்மி, விடியுற வரைக்கும் போகாது, டிரெஸ்லயும் அவ்ளோ கெடுபிடி இருக்காது. ரெண்டாவது வேலை. மே பால்ல ஸ்டால்ல நிக்க, கேட்ல நிக்க, டிரிங்க்ஸ் ஊத்த ஸ்டூடன்ட்ஸதான் எடுப்பாங்க. சில இடத்துல பாதி ராத்திரி வேலை பாத்துட்டு மீதி பாதி கெஸ்ட்டா சுத்தலாம், சில இடத்துல ராத்திரி முழுக்க வேலை பாத்தா சம்பளம். என்னைக் கேட்டா மொத வருஷம் பாதி-பாதி வேலை எடுக்குறதுதான் புத்திசாலித்தனம், உள்ள என்னதான் நடக்குதுன்னு பாத்த மாதிரியும் ஆச்சு, காசும் மிச்சம்.

ஒண்ணு மறக்காதீங்க, டிக்கெட் உங்க பேர்ல இருக்கும், கேட்ல ஐடி காட்டணும். பேர் மாத்தணும்னா மே பால் நடத்துற கமிட்டி குடுத்த தேதிக்குள்ள மாத்தணும், அதுக்கு ஃபீஸ் கேப்பாங்க. வாட்ஸ்அப்ல யாரோ "என் டிக்கெட் இருக்கு எடுத்துக்கோ"ன்னா பேர் மாத்தி கன்ஃபர்மேஷன் மெயில் வந்ததுக்கு அப்புறம் காசு அனுப்புங்க.

எக்ஸாம் நடுவுல இதுக்கெல்லாம் எங்க நேரம் அக்கா?

எக்ஸாம் நடுவுல ஒண்ணும் பண்ணாதீங்க, அதுக்கு நேரமும் இல்ல, மண்டையும் ஓடாது. ஈஸ்டர் லீவுல டிரெஸ் விஷயத்த முடிச்சிடுங்க, ஊருக்குப் போறவங்க அங்கயே பிளவுஸ் தைச்சிட்டு வந்துடலாம். எக்ஸாம் முடிஞ்சு மே பால்க்கு நடுவுல கிடைக்குற நாள்ல மூணு வேலை பாக்கி இருந்தா போதும்: முழு டிரெஸ்ஸையும் ஒரு தடவ போட்டுப் பாக்குறது, செருப்ப போட்டுக்கிட்டு ரூம்ல நடக்குறது, தூங்குறது. மூணாவதுதான் முக்கியம். எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே ஊர் சுத்தி, மறுநாள் கார்டன் பார்ட்டி, அதுக்கு மறுநாள் இன்னொண்ணுன்னு போனா மே பால் அன்னிக்கு 12 மணிக்கே ஏதாவது டென்ட்ல பீன் பேக்ல சாஞ்சு தூங்கிடுவீங்க, 200 பவுண்டு குடுத்து வாங்குன தூக்கம்.

பிளாக் டை, வொயிட் டை, என்ன வித்தியாசம்?

ரெண்டும் டிரெஸ் கோடோட பேரு, முக்கால்வாசி மே பால் பிளாக் டை தான். ஆம்பளைங்களுக்கு கறுப்பு டின்னர் ஜாக்கெட், காலர் மடிப்புல பளபளன்னு சில்க், பேன்ட்டோட பக்கவாட்டுல ஒத்தப் பட்டை, வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை. பெல்ட் கிடையாது, பெல்ட் தெரிஞ்சாலே சூட் கடன் வாங்குனதுன்னு தெரிஞ்சிடும், இடுப்பு லூஸா இருந்தா உள்ள சஸ்பென்டர் போடுங்க. இடுப்புல கட்டுற கம்மர்பண்ட் இருந்தா மடிப்பு மேல பாத்த மாதிரி கட்டணும். கம்மர்பண்ட் கட்டுனா வெய்ஸ்ட்கோட் வேணாம், ரெண்டுல ஒண்ணுதான்.

ஆபீஸ் இன்டர்வியூக்கு போட்ட கறுப்பு சூட்டே போதுமான்னு தனியா ஒரு பத்து பேர் கேப்பீங்க. போ டையோட போட்டா இருட்டுல யாரும் கவனிக்க மாட்டாங்க, கேட்லயும் பெரும்பாலும் விட்டுடுவாங்க. நேவி ப்ளூ சூட்டும் நீள டையும் மட்டும் வேணாம்.

வொயிட் டை இதைவிட ஒரு படி மேல. பின்னாடி வால் வெச்ச டெயில்கோட், வெள்ளை வெய்ஸ்ட்கோட், வெள்ளை போ டை, பேன்ட்ல ரெட்டைப் பட்டை, பொண்ணுங்களுக்கு தரை தொடுற கவுன். மாட்லின் காலேஜ் மே பால் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ வரும், அது வொயிட் டை. அங்க போறவங்க டெயில்கோட்ட வாடகைக்கு எடுங்க, வாங்காதீங்க, வாழ்க்கைல இன்னொரு தடவ போட வாய்ப்பு வர்றது கஷ்டம். போடும்போது பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, கோட்டோட முன்பக்கத்துக்கு கீழ வெய்ஸ்ட்கோட் எட்டிப் பாக்கக் கூடாது.

டின்னர் ஜாக்கெட் வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

மூணு வருஷம் இங்கதான் இருக்கப் போறீங்கன்னா வாங்கிடுங்க. காலேஜ் ஃபார்மல் டின்னர், ஸ்டூடன்ட் சொசைட்டி டின்னர்னு வருஷத்துக்கு நாலஞ்சு தடவ போடுவீங்க, ரெண்டே தடவை வாடகைலயே பாதி விலை போயிடும். புதுசுதான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க, ஆக்ஸ்ஃபாம் மாதிரி, தானமா வந்த பழைய சாமான் விக்கிற சாரிட்டி கடைல பழைய டின்னர் ஜாக்கெட் வரும், இந்த ஊர்ல அது அடிக்கடி வரும். வாங்கும்போது தோள்பட்டைய மட்டும் பாருங்க. கை நீளம், இடுப்பு, பேன்ட் உயரம் எல்லாம் டெய்லர் சரி பண்ணிடுவார், தோள் சரி இல்லன்னா அதுக்கு வழியே இல்ல.

ஒரு வருஷ மாஸ்டர்ஸ் ஆளுங்க வாடகைக்கு எடுங்க. ஆனா மே வீக்ல ஊர்ல இருக்குற எல்லாருமே வாடகைக்குத்தான் அலைவாங்க, ஒல்லியான உடம்புக்கு சின்ன சைஸ் மொதல்லயே காலி ஆயிடும், நம்மாளுங்க பாதி பேர் அந்த சைஸ்தான். அதனால மே மாசத்துலயே அளவு குடுத்து சொல்லி வெச்சிடுங்க.

போ டை கட்டவே வரலயே, ரெடிமேட் ஊக்கு போட்டது வாங்கிக்கட்டுமா?

வாங்கிக்கோங்க, யாரும் தூக்குல போட மாட்டாங்க. ஆனா 3 மணிக்கு கழுத்துல அவுத்து விட்டுட்டு தொங்கப் போட்டு நடக்குற அந்த ஸ்டைல் ரெடிமேட்ல வராது, அதுக்காகவே கத்துக்கலாம்.

கழுத்துல கட்டிப் பழகாதீங்க. நாற்காலில உக்காந்து முட்டிக்கு மேல தொடைல கட்டிப் பழகுங்க, சுத்தளவு கிட்டத்தட்ட கழுத்து மாதிரியேதான் இருக்கும், கண்ணுக்கு நேரா தெரியும். ஒரு பக்கம் ரெண்டு விரல் நீளமா தொங்கட்டும். நீளமானத குட்டையானதுக்கு மேல போட்டு அடில விட்டு மேல இழுத்து இறுக்குங்க. குட்டைப் பக்கத்த அதோட அகலமான இடத்துல மடிச்சு குறுக்க பிடிங்க, அதுதான் முன்னாடி தெரியப் போற போ. நீளமானத அதோட நடுவுல நேரா கீழ விடுங்க. இப்போ முன்னாடி இருக்குற மடிப்ப ரெண்டு பக்கமும் சேத்து விரலால கிள்ளிப் பிடிச்சா பின்னாடி ஒரு சந்து தெரியும், நீளமானத மடிச்சு அந்த சந்துக்குள்ள தள்ளணும். எல்லாரும் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான், சந்து எங்கன்னே தெரியாம முனைய தள்ளிட்டு இருப்பாங்க. முனை இல்ல, மடிச்ச மூக்கு உள்ள போகணும். போனதும் மடிப்பப் பிடிச்சு ரெண்டு பக்கமும் இழுங்க. ஷூ லேஸ்ல போடுற அதே முடிச்சுதான் இது. கொஞ்சம் கோணலா இருந்தா விட்டுடுங்க, அளவெடுத்த மாதிரி நேரா இருந்தா ரெடிமேட்னு நினைப்பாங்க.

சேலை கட்டிட்டு போகலாமா?

போகலாம், போங்க. நிறைய மே பால்ல தேசிய உடை ஓகேன்னு டிரெஸ் கோட்லயே எழுதியிருப்பாங்க, எழுதலன்னா கமிட்டிக்கு ஒரு மெயில் போட்டு கேட்டுக்கோங்க. கவுன் வாங்குற செலவு மிச்சம், கூட்டத்துல தனியாவும் தெரிவீங்க. ஆனா கல்யாண வீட்டுக்கு கட்டுற மாதிரி கட்டிட்டுப் போனா விடியுற வரைக்கும் தாங்காது. கல்யாணத்துல உக்காந்திருப்போம், இங்க பம்பர் கார் ஓட்டுவோம்.

அம்மா குடுத்து விட்ட காஞ்சிபுரம் பட்டு வேணாம்னுதான் சொல்வேன். கனம், மழைத் துளி பட்டா கறை, யாராவது ரெட் வைன் ஊத்திட்டா ஊருக்குப் போன் பண்ணி சொல்ற தைரியம் யாருக்கும் கிடையாது. கிரேப், ஜார்ஜெட், இல்ல லேசான சாஃப்ட் சில்க் பெட்டர். ஜார்ஜெட் வழுக்கும், அதுக்கு பின்ன கொஞ்சம் அதிகமா குத்திக்கணும்.

கட்டும்போது மொதல்ல செருப்ப போடுங்க. வெறுங்கால்ல கட்டிட்டு அப்புறம் ஹீல்ஸ் போட்டா சேலை தூக்கிக்கும், ஹீல்ஸோட கட்டிட்டு ராத்திரி ஃபிளாட்ஸுக்கு மாறுனா தரைல இழுபடும். அதனால ஃபிளாட்டா, இல்ல மொத்தையான அடி வெச்ச ஒரே செருப்பு, ராத்திரி முழுக்க அதேதான்னு முடிவு பண்ணிக்கிட்டு அத போட்டுக்கிட்டு கட்டுங்க. கரை வழக்கத்தவிட ஒரு இஞ்ச் மேல இருக்கட்டும், 2 மணிக்கு மேல புல்லுல பனி இறங்கி ஃபால் ஓரம் நனைஞ்சு காலோட ஒட்டும்.

உள்பாவாடைக்கு அடில லெக்கிங்ஸ், கேள்வியே இல்ல. கொசுவத்த மடிச்சு சொருகுறதுக்கு முன்னாடியே இடுப்புக்கு உள்ள போற இடத்துல பெரிய ஊக்கு ஒண்ணு எல்லா மடிப்பையும் சேத்து குத்தி, அப்புறம் சொருகுங்க, மேல தெரியாது, என்ன ஆடுனாலும் அவுறாது. முந்தானைய சிங்கிளா விட்டு கைல பிடிச்சிட்டு நிக்கிற வேலையே வேணாம், மடிப்பு வெச்சு தோள்ல குத்திடுங்க. மெல்லிசு துணியா இருந்தா ஊக்குல ஒரு சின்ன பாசி மணியக் கோத்துட்டு குத்துங்க, துணி ஊக்கோட சுருள்ல மாட்டிக் கிழியாது. முந்தானை நீளம் முழங்காலுக்கு கீழ போக வேணாம், பின்னாடி வர்றவன் மிதிப்பான்.

பாத்ரூம் பத்தி யாரும் கேக்கறதில்ல, ஆனா எல்லாரோட கவலையும் அதுதான். அங்க இருக்குறது முக்கால்வாசி தற்காலிக டாய்லெட், இடம் சின்னது, தரை ஈரம். சேலையையும் பாவாடையையும் சேத்து கீழ இருந்து மேல சுருட்டி இடுப்போட அணைச்சுப் பிடிச்சிக்கிட்டுப் போகணும். வீட்ல ஒரு தடவ ஒத்திகை பாத்துக்கோங்க, சிரிக்காதீங்க. முந்தானைய தோழிகிட்ட குடுத்துட்டு போக முடியாது, அது தோள்ல குத்தியிருக்கு, அதனால கழுத்துல ஒரு சுத்து சுத்திக்கோங்க.

வேட்டி?

டிரெஸ் கோட் அனுமதிச்சா தாராளமா. பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல கழுத்து வரைக்கும் பட்டன் போடுற கறுப்பு பந்த்கலா ஜாக்கெட் போட்டா செம கம்பீரமா இருக்கும், குளிருக்கும் ஆச்சு. வெல்க்ரோ வேட்டி வாங்கிக்கோங்க, கௌரவம் பாக்காதீங்க. அடில ஷார்ட்ஸ். மடிச்சுக் கட்டுற ஆசை வரும், கேட் தாண்டுற வரைக்குமாவது அடக்கிக்கோங்க.

கவுன் போடுறவங்களுக்கு ஏதாவது?

பிளாக் டைக்கு தரை வரைக்கும் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, முட்டிக்கு கீழ வர்ற நல்ல டிரெஸ்ஸும் போதும். ஸ்ட்ராப்லெஸ் வாங்குறவங்க கடைல நின்னு கண்ணாடி பாத்தா மட்டும் போதாது, அங்கயே கைய தூக்கி ரெண்டு குதி குதிச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க மேல இழுத்துவிட்டுட்டே இருக்குற டிரெஸ் எவ்ளோ அழகா இருந்தாலும் வேஸ்ட். உக்காந்தும் பாருங்க, மூச்சு விட முடியுதான்னு. பாக்கெட் வெச்ச கவுன் கிடைச்சா விலை பாக்காம எடுத்துடுங்க.

என்ன செருப்பு?

கேம்பிரிட்ஜ் தெருல பாதி கல்லு பதிச்சது, டிரினிட்டி ஸ்ட்ரீட்ல பென்சில் ஹீல்ஸோட நடந்து பாருங்க புரியும். உள்ள போனா புல்வெளி, ஊசி ஹீல் நேரா மண்ணுல இறங்கிடும். மாட்டியே தீருவேன்னா ஹீல்ஸோட அடில மாட்டுற பிளாஸ்டிக் மூடி கிடைக்கும், அத வாங்குங்க. இல்லன்னா அகலமான பிளாக் ஹீல், வெட்ஜ், ஃபிளாட்.

பசங்களும் சிரிக்க வேணாம், புது லெதர் ஷூ மொத தடவ மே பால்க்கு போட்டா குதிகால் தோல் உரிஞ்சிடும். ஒரு வாரம் ரூம்ல போட்டு நடங்க. கொப்புளத்துக்கு ஒட்டுற தடிமனான பிளாஸ்டர் இருக்கு, கொப்புளம் வந்ததுக்கு அப்புறம் இல்ல, கிளம்பும்போதே உரசுற இடத்துல ஒட்டிட்டுப் போங்க.

ஜூன் தானே, குளிருமா?

குளிரும். பகல்ல 20 டிகிரிக்கு மேல இருக்கும், அத நம்பி மெல்லிசா போட்டுட்டுப் போவோம், ராத்திரி 10-12 டிகிரிக்கு இறங்கிடும், பக்கத்துல ஆறு வேற. ஒரு கனமான ஷால், இல்ல ஜாக்கெட் கட்டாயம். உள்ள கோட் வெக்கிற கவுன்டர் இருந்தா அங்க குடுத்துட்டு ராத்திரி 1 மணிக்குப் போய் எடுத்துக்கலாம், 3 மணிக்குப் போனா அங்க பெரிய வரிசை நிக்கும். பசங்க ஜாக்கெட்டுக்குள்ள தெர்மல் பனியன் போட்டா வெளிய தெரியாது. "என் ஜாக்கெட் எடுத்துக்கோ"ன்னு யாராவது ஒரு பொண்ணுக்குக் குடுக்கப் போற ஹீரோ நீங்கன்னா தெர்மல் ரொம்பவே முக்கியம்.

எங்க கேங்ல ஆறு பேர், ஒரே ரூம்ல ரெடி ஆகலாம்னு பிளான். ஓகேவா?

ராத்திரியோட பெஸ்ட் பார்ட்டே அதுதான்னு நான் சொல்வேன். எக்ஸாம் டைம்ல லைப்ரரில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருந்துட்டு, இப்போ பாட்ட போட்டு, ஒருத்தி இன்னொருத்திக்கு ஜடை பின்னி, ஒருத்தன் யூடியூப் பாத்து போ டையோட மல்லுக்கட்டி, "டேய் இஸ்திரிப்பெட்டி யாருகிட்ட"ன்னு காரிடார் முழுக்க கத்தி... டிக்கெட்டுக்கு குடுத்த காசுல பாதி இதுக்கே சரியாப் போச்சு.

ஆனா மதியம் 3 மணிக்கே ஆரம்பிங்க. பின்னாடி இருந்து கணக்குப் போடுங்க: வரிசைல 7.30-க்கு நிக்கணும்னா 6.45-க்கு போட்டோ முடியணும், 6.30-க்கு எல்லாரும் டிரெஸ் போட்டிருக்கணும். குளியல் மொதல்ல, தலைமுடி அடுத்தது, நல்லா சாப்பாடு, மேக்கப், கடைசில டிரெஸ். சேலை கட்டுறவங்களுக்கு தலா அரை மணி நேரம் ஒதுக்குங்க, நல்லா கட்டத் தெரிஞ்ச ஒருத்திதான் மூணு பேருக்குக் கட்டுவா, அவளோட சேலைய கடைசில அவசர அவசரமா கட்ட வெக்காதீங்க, அவளுக்கு மொதல்ல முடிச்சிடுங்க.

காலேஜ் ரூம்ல ஹேர் ஸ்ப்ரேய ஸ்மோக் டிடெக்டருக்கு நேர் கீழ அடிக்காதீங்க. அலாரம் அடிச்சா பில்டிங்கே பாதி மேக்கப்போட வெளிய புல்லுல நிக்கணும். ஸ்ட்ரெயிட்டனர ஆஃப் பண்ணிட்டுதான் கிளம்புறோமான்னு ஒருத்தர பாக்க விடுங்க.

போட்டோ வரிசைல நிக்கிறதுக்கு முன்னாடியே வெளிச்சத்துல எடுத்துடுங்க. அந்த வாரத்துல சூரியன் 9.20 வாக்குலதான் மறையும், அதனால 6.45-க்கு வெயில் இன்னும் சுள்ளுன்னு இருக்கும், நிழல்ல நில்லுங்க.

வரிசைல அவ்ளோ நேரமா நிக்கணும்?

பெரிய காலேஜ்னா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் கூட ஆகும். எல்லாரும் கேட் தொறக்குற நேரத்துக்கே வருவாங்க, ஏன்னா நல்ல சாப்பாட்டு ஸ்டால்ல 11 மணிக்கு மேல ஐட்டம் தீர ஆரம்பிச்சிடும். வரிசைலயே பாட்டு, மேஜிக்னு ஏதாவது நடக்கும், போரடிக்காது. தண்ணி பாட்டில கேட்ல வாங்கி வெச்சிடுவாங்க, அதனால வரிசைலயே குடிச்சு முடிச்சிடுங்க.

பைல என்ன எடுத்துட்டுப் போகணும்?

சின்ன பைதான் விடுவாங்க, அளவு டிக்கெட் மெயில்ல இருக்கும். ஐடி, டிக்கெட், ரூம் சாவி, போன், குட்டி பவர் பேங்க், பிளாஸ்டர், ஊக்கு ஒரு அஞ்சாறு, தலைவலி மாத்திரை, ஹேர் கிளிப் ரெண்டு. லிப்ஸ்டிக் ஒண்ணு போதும், மொத்த மேக்கப் கிட்டும் வேணாம், இருட்டுல யார் பாக்கப் போறாங்க. ஆறு பேர் கேங்னா ஊக்கும் பிளாஸ்டரும் ஒருத்தர் பைல, பவர் பேங்க் இன்னொருத்தர் பைலன்னு பிரிச்சுக்கோங்க. கைல கட்டுற பேண்ட விளையாட்டுக்குக் கூட அவுத்துடாதீங்க, அது இல்லன்னா வெளிய அனுப்பிடுவாங்க.

வெஜ் சாப்பாடு கிடைக்குமா? குடிக்காதவங்க என்ன பண்றது?

வெஜ் நல்லாவே கிடைக்கும், அலர்ஜி இருந்தா டிக்கெட் ஃபார்ம்லயே எழுதிடுங்க. குடிக்காதவங்களுக்கு மாக்டெயில், காபி, ஜூஸ்னு நிறைய இருக்கும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க, அப்படிப் பண்ணுற கேங்கா இருந்தா கேங்க மாத்துங்க. குடிக்கிறவங்களுக்கு, எல்லாம் ஃப்ரீன்னு ஆரம்பத்துலயே ஊத்தாதீங்க. எக்ஸாம் வாரம் முழுக்க தூக்கம் இல்லாத உடம்பு, சட்டுனு ஏறிடும். ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணி.

எனக்கு டான்ஸ் ஆடத் தெரியாதே?

பழைய படத்துல வர்ற மாதிரி ஜோடி ஜோடியா சுத்துற டான்ஸ் எல்லாம் நினைச்சு பயப்படாதீங்க. ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஆடுற சைலன்ட் டிஸ்கோ இருக்கும், லைவ் பேண்ட் இருக்கும், காமெடி டென்ட் இருக்கும். கேலி-ன்னு ஸ்காட்லாந்து, அயர்லாந்து கூட்டு டான்ஸ் ஒண்ணு நிறைய இடத்துல வைப்பாங்க, அத விடாதீங்க. ஒருத்தர் மைக்ல நின்னு இப்போ வலது கை, இப்போ சுத்து, இப்போ ஆள மாத்துன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, கும்மியும் கோலாட்டமும் ஆடுன நமக்கு ரெண்டே நிமிஷத்துல பிடிபட்டுடும்.

ஜோடி இல்லாம போனா அசிங்கமா இருக்குமா?

இல்ல. பாதிப் பேர் ஃப்ரெண்ட்ஸ் கூடத்தான் வருவாங்க. போன மாசம் ஆரம்பிச்ச லவ்வ நம்பி டபுள் டிக்கெட் வாங்குறதவிட இது சேஃப்.

உள்ள பிரிஞ்சிட்டா எப்படி கண்டுபிடிக்கிறது?

கண்டிப்பா பிரிவீங்க. ஆயிரக்கணக்குல ஆளுங்க ஒரே இடத்துல இருக்கும்போது நெட்வொர்க் படுத்துடும், மெசேஜ் முக்கால் மணி நேரம் கழிச்சு வரும். அதனால உள்ள போனதும் ஒரு இடத்தக் குறிச்சுக்கோங்க, 12-க்கும் 3-க்கும் எல்லாரும் அங்க வரணும்னு. யாராவது ரூமுக்குத் திரும்பணும்னா தனியா விடாதீங்க, சில காலேஜ்ல வெளிய போனா மறுபடி உள்ள விட மாட்டாங்க, அத முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.

கடைசி வரைக்கும் இருக்கணுமா?

முடிஞ்சா இருங்க. 4.40 வாக்குல சூரியன் வந்துடும், அஞ்சு ஆறு மணிக்கு மிச்சம் இருக்குறவங்க எல்லாரையும் நிக்க வெச்சு சர்வைவர்ஸ் போட்டோன்னு ஒண்ணு எடுப்பாங்க. மை கலைஞ்சு, டை அவுந்து, ஒருத்தன் செருப்ப கைல பிடிச்சிருப்பான், எனக்கு சாயங்காலம் எடுத்த போட்டோவ விட இதுதான் பிடிக்கும். முடியலன்னா 2 மணிக்குப் போய் தூங்குங்க, யாரும் மார்க் போடல.

டிக்கெட் கிடைக்கல. சும்மா வேடிக்கையாவது பாக்கலாமா?

டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ் ரெண்டும் ஆத்தங்கரைல இருக்குறதால வாணவேடிக்கைய வெளிய இருந்தே பாக்கலாம். படகு எடுத்துட்டு ஆத்துல போய் உக்காந்து பாக்குற கூட்டமும் உண்டு. ஷால், பிளாஸ்க்ல காபி எடுத்துட்டுப் போங்க. சுவர் ஏறிக் குதிக்குறது, படகுல இருந்து உள்ள ஏறுறதுன்னு பழைய கதை நிறைய கேப்பீங்க, அது வேணாம். செக்யூரிட்டி பிடிச்சா காலேஜுக்கு ரிப்போர்ட் போகும், விசா ஸ்டூடன்ட்ஸ் அந்தத் தலைவலிய விலைக்கு வாங்காதீங்க.

ஆக்ஸ்ஃபோர்டுல இருக்குற ஃப்ரெண்ட் கூப்பிட்டிருக்கா, அங்கயும் இதேதானா?

கிட்டத்தட்ட. அங்க கமெமரேஷன் பால்னு சொல்வாங்க, அதுவும் ஜூன்லதான். பெரிய காலேஜ்ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவதான் வரும், பெரும்பாலும் வொயிட் டை. அழைப்பு வந்ததும் மொத வேலையா டிரெஸ் கோட படிங்க, இங்க போட்ட டின்னர் ஜாக்கெட்டோட அங்க போய் நிக்காதீங்க.

வீட்ல என்னன்னு சொல்றது?

"காலேஜ் ஃபங்க்‌ஷன்"னு சொல்லுங்க, பொய் இல்ல. விடியக்காலை 5 மணிக்கு அனுப்புற போட்டோவ அம்மா காலை 9.30-க்குப் பாப்பாங்க, "சீக்கிரம் எழுந்துட்டியா கண்ணு"ன்னு பதில் வரும். என்ன சொல்றதுன்னு அப்போ யோசிச்சுக்கோங்க. சேலை கட்டுன போட்டோவா இருந்தா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

மறுநாள் ஏதாவது பண்ணணுமா?

வாடகை சூட்ட குறிச்ச தேதிக்குள்ள திருப்பிக் குடுங்க, பாக்கெட்டப் பாத்துட்டுக் குடுங்க, ரூம் சாவி அதோட போயிடும். சேலைய அப்படியே பெட்டில திணிக்காம ஒரு நாள் நிழல்ல காய விடுங்க, ஊக்க எல்லாம் எடுத்துட்டு, ஏன்னா ஈரத்துல துருப்பிடிச்சு துணில கறை இறங்கிடும். ஓரத்துல ஒட்டுன மண்ண ஈரமா இருக்கும்போது தேய்க்காதீங்க, காய்ஞ்சதும் பிரஷ்ல தட்டுனா உதிர்ந்துடும். காதுல இருந்த ஜிமிக்கில ஒண்ணு காணோம்னா கமிட்டிக்கு மெயில் போடுங்க, கூடாரத்தப் பிரிக்கிறப்போ கிடைச்சதெல்லாம் ஒரு டப்பால போட்டு வெச்சிருப்பாங்க, மே வீக் முடிஞ்சு எல்லாரும் ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி போய் பாத்துடுங்க.